எல்லைக்கல்லோடு நின்ற நிழல்

மேகம் இறங்கி வந்து வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற உயரத்தில், கீழ்ப்பழனி மலையின் ஒரு மடிப்பில், ஈரக்கல் என்று ஓர் ஊர். அந்த ஊரில் சொத்துப் பிரிக்கும்போது பத்திரம் எழுதுவதெல்லாம் கீழே நடந்தாலும், மண்ணுக்குச் சொல்ல வேண்டியதை மண்ணில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். ஊர்ப் பெரியதனம் எல்லையில் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக நிற்பார். கையில் பச்சையாக ஒரு கல்யாண முருங்கைக் கம்பு இருக்கும். அதை ஒடித்து ஆளுக்கொரு பாதியாகக் கொடுத்துவிட்டு, "இங்கிட்டுச் சங்கதி அங்கிட்டுப் போகாது, அங்கிட்டுச் சங்கதி இங்கிட்டு வராது" என்பார். சொன்ன மூச்சு அடங்குவதற்குள், அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படாதது எதெது என்று நீங்கல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். தண்ணி நீங்கலா, தடம் நீங்கலா, நெருப்புக் கேட்டா குடுக்கிறது நீங்கலா, பொணம் போற பாதை நீங்கலா என்று பாட்டுப்போல இழுத்துக்கொண்டே போய், கடைசியில் "நாம மறந்தது நீங்கலா, நமக்குத் தெரியாதது நீங்கலா" என்று முடித்து ஒரு தும்மல் போடுவார். தும்மல் வழக்கத்தைச் சேர்ந்ததா, பெரியதனம் கந்தவேலின் மூக்கைச் சேர்ந்ததா என்று யாரும் கேட்டதில்லை. தும்மல் விழுந்தால் பிரிவினை முடிந்தது, எல்லாரும் காப்பி குடிக்கப் போகலாம்.

ஈரக்கல்லில் அண்ணன் தம்பி பிரிந்திருக்கிறார்கள், மாமன் மச்சான் பிரிந்திருக்கிறார்கள். நீங்கல் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. தவசி சொன்னான்.

தவசியின் அப்பா விட்டுப்போனது மலைச்சரிவில் ஒரே பட்டையாகக் கிடந்த தோட்டம். ரோட்டை ஒட்டிய அடிப்பகுதி கீழ்க்காடு. அதற்கு மேற்கே ஏறிப் போவது மேல்காடு. கீழ்க்காட்டில் தவசி சில வருஷங்களுக்கு முன்பே மரங்களை வெட்டி விற்றுவிட்டு, கயிறு பிடித்து வரிசை வரிசையாகக் காப்பி நட்டிருந்தான். பஸ்ஸிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி இருக்கும், அதில் அவனுக்குப் பெருமை. மேல்காடு அவனுடைய அக்கா பொன்னழகின் கையில் இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அரிவாளும் சாக்குமாக அங்கேயே வாழ்கிறவள். அங்கே பலாவுக்குக் கீழே ஆரஞ்சு, ஆரஞ்சுக்குக் கீழே காப்பி, காப்பிக்குக் கீழே சேனை, சேனைக்குப் பக்கத்தில் இஞ்சி, இஞ்சியைத் தாண்டினால் மலைவாழை, மரத்துக்கு மரம் ஏறிய மிளகுக்கொடி, கொடியின் மறைவில் தேன்சிட்டுக் கூடு, நடுநடுவே யார் நட்டதென்று தெரியாத அத்தி, சந்தனவேம்பு, காட்டு நெல்லி என்று எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டு நிற்கும். ஓர் அடி எடுத்து வைத்தால் காலடியில் எத்தனையோ உயிர் ஒதுங்கி வழிவிடும். "கசகசன்னு ஒரு காடு. அது தோட்டமா?" என்பான் தவசி. அக்காவுக்குச் சமபங்கு என்று பேச்சு வந்தபோது மேல்காட்டை அவன் மனதாரத் தூக்கிக் கொடுத்ததும் அதனால்தான்.

ஒன்று மட்டும் அவன் புத்தியில் உறைக்கவில்லை. மேல்காடு மேற்கே இருந்தது. பொழுது உச்சி சாய்ந்ததும் அந்த மரங்களின் நிழல் சரிவில் இறங்கி வந்து கீழ்க்காட்டுக் காப்பியின் தலையில் ஈரத்துணி மாதிரி படிந்துவிடும். மரத்தையெல்லாம் வெட்டிய பிறகும் காப்பி வாடாமல் நின்றதைத் தன் கைராசி என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

தை மாதம், பிரிவினை நாளன்று கந்தவேல் கம்பை ஒடித்துக் கொடுத்து, தண்ணி நீங்கலா, தடம் நீங்கலா என்று தொடங்கியிருந்தார். அப்போது பொன்னழகு சொன்னாள், "பெரியப்பா, என் தம்பி பக்கம் காக்கா உக்காரக்கூட ஒரு கொப்பு கெடையாது. பாவம், ஏதாச்சும் ரெண்டு நீங்கல் சேத்தே சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. தவசியின் பெண்டாட்டி மாரிக்கண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்துவிட்டான் தவசி.

"நிறுத்துங்க. அவ காட்டுச் சங்கதி எதுவும் எனக்கு வேணாம். நீங்கலும் வேணாம், கீங்கலும் வேணாம். வெட்டுன்னா வெட்டு."

"அப்படி முடிக்கக் கூடாதுப்பா" என்றார் கந்தவேல்.

"முடிச்சாச்சு" என்று தன் பாதிக் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். தும்மல் கந்தவேலின் மூக்கு நுனிவரை வந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, திரும்பி உள்ளே போய்விட்டது. அன்றைக்குக் காப்பி குடித்தவர்களுக்கும் குடித்த மாதிரியே இல்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் மேல்காட்டு நிழல் வழக்கம்போலச் சரிவில் இறங்கி வந்தது. எல்லைக்கல்வரை வந்து நின்றது. பிறகு சூரியன் எவ்வளவு சரிந்தும் அது நகரவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கருக்கல், இந்தப் பக்கம் வெயில், நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு.

முதலில் பார்த்தவள் மாரிக்கண்ணு. கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, வத்தல் சீக்கிரம் காயும்" என்று உள்ளே போய் மிளகாயை எடுத்து வந்தாள்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. மிளகு காயப்போட இடம் தேடி அலைந்தவர்கள் பாயோடு கீழ்க்காட்டு ஓரத்துக்கு வந்தார்கள், ஏனென்றால் மலையில் வேறெங்கும் வெயில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. முழங்கால் வலிக்காரர் ஒருவர் கால் இரண்டையும் வெயிலிலும் உடம்பை நிழலிலும் போட்டுக் கோட்டுக்குக் குறுக்கே படுத்து, மருந்துச் செலவு மிச்சம் என்றார். நாய்கள் தலையை நிழலிலும் வாலை வெயிலிலும் வைத்துத் தூங்கப் பழகின. சம்சு ராவுத்தர், ஊரின் மிளகும் காப்பியும் வாங்கி வத்தலக்குண்டுக்கு அனுப்புகிறவர், டீக்கடையும் அவருடையதுதான், எல்லையில் குறுக்காக ஒரு பெஞ்சு போட்டு, எந்த முனையில் உட்காருகிறீர்கள் என்று கேட்டு அதற்கேற்ற சூட்டில் டீ கொடுத்தார். நிலம் அளக்க வந்த சர்வேயர் சங்கிலியை இழுக்காமலே எழுதிக்கொண்டு, எல்லா ஊரும் இப்படி இருந்தால் எவ்வளவு நல்லது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோயிலில் சாமியாடியிடம் கேட்டார்கள். அவர் மேல் வந்த அம்மன், "வாக்குக் குடுத்தது நீங்க, காப்பாத்துறது அது. இதுல நான் என்னத்தச் செய்ய?" என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரம் மலையேறிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை.

நிழலோடு நின்றிருந்தால் தவசியும் அந்த வெயிலுக்குப் பழகியிருப்பான். ஆனால் எல்லையில் சொன்ன சொல்லை மேல்காடு எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டது. பலா இலை காற்றில் மிதந்து வரும், கோட்டைத் தொட்டதும் ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பிப் போய் அக்காவின் பக்கம் விழும். குக்குறுவான் பாதி வழி பறந்து வந்து வளைந்து திரும்பும். தேனீ திரும்பும். வௌவால் திரும்பும். மண்ணுக்குள் புழுவும் திரும்பியது, ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. காட்டுமாடு மட்டும் வழக்கம்போல வேலியை மிதித்துக்கொண்டு வந்து போனது. அது யார் பாகத்திலும் சேராதது, அதனால் அதை எந்தச் சொல்லும் கட்டவில்லை. "எது வர வேணாம்னு சாமி கும்பிட்டனோ அது மட்டும் வருது" என்றாள் மாரிக்கண்ணு.

பொன்னழகின் பக்கமும் தப்பவில்லை. கீழ்க்காட்டு ஓடையிலிருந்து விடியற்காலையில் எழும்பும் ஆவி மேல்காட்டின் மிளகுக்கொடியை நனைத்துவிட்டுப் போகும். தண்ணி நீங்கல்தான், ஆனால் ஆவியைத் தண்ணி என்று யாரும் சொல்லவில்லையே. அது கல்லோடு நின்று கலைந்துபோனது. அதைவிட, காலையில் தவசி அடிக்கிற சீட்டி அவளுக்குக் கேட்காமல் போனது. அவன் சீட்டி அடித்தால் விடிந்தது என்று எழுந்து பழகியவள். இப்போது எல்லையில் நின்று பார்த்தால் தம்பியின் உதடு குவிந்திருக்கும், சத்தம் இருக்காது. கடைவீதியில் பேசிக்கொள்ளலாம்தான், ஊருக்குள் எந்தத் தடையும் இல்லை. ஆனால் அங்கே பேச இருவருக்கும் வீம்பு விடவில்லை.

பங்குனி வெயில் கீழ்க்காட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. காப்பி இலை ஓரம் கருகிச் சுருண்டது. காப்பியைப் பூக்க வைக்கிற பூ மழை பெய்து, ஒரு நாள் காலையில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்தபோது தவசிக்கு உயிர் வந்தது. ஆனால் அந்தப் பூவை ஒரு தேனீகூட வந்து விசாரிக்கவில்லை. பிஞ்சு குறைவாகப் பிடித்தது. செடியில் மிஞ்சி நின்ற பழைய காயைப் பிளந்து பார்த்தால் உள்ளே கறுப்பாகத் துளைப்பான் வண்டு. அதைக் கொத்தித் தின்கிற பறவையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மருந்தடித்தான். வண்டு செத்தது, மறுபடியும் வந்தது. உரம் போட்டான். இலை மூடாத மண் அந்த உரத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் ஒரு மழையில் ஓடைக்குக் கொடுத்துவிட்டது.

"ராவுத்தரே, இந்த வருஷம் முன்ன பின்ன இருந்தாலும் நம்ம காப்பியை எடுத்துக்குவீங்கல்ல?" என்று டீக்கடையில் கேட்டான்.

"எடுக்க வேணாமா பின்ன? ஆனா ஒண்ணு சொல்றேன் மாப்ள, கோவிச்சுக்கக் கூடாது. நீ வருஷத்துல ஒருக்கா லாரியில வர்ற, மாப்பிள்ளை ஊர்வலமாட்டம். உங்க அக்கா தலைச்சுமையா வருது, ஆனா மாசம் தவறாது. தையில மிளகு, மாசியில ஆரஞ்சு, சித்திரையில பலா, ஆடியில பட்டர் புரூட், எதுவும் இல்லாத மாசம் வாழை இலையாச்சும் வரும். போன வருஷம் காப்பி வெல விழுந்துச்சே, நீ எப்படி உக்காந்திருந்த? அந்தப் புள்ள சேனைக்கிழங்கை எறக்கி வச்சுட்டு, வெல்லம் கலந்து ஒரு டீ குடுங்கன்னு நிக்குது. எனக்கே அந்தக் காட்டைப் பாத்தா ஒரு கும்புடு போடணும்போல இருக்கு."

தவசி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

சித்திரை பிறந்ததும் கீழேயிருந்து ஒருவர் காரில் வந்தார். மலைக்கு மலை காட்டேஜ் கட்டுகிறவர். கோட்டைப் பார்த்து அவருக்குக் கண் விரிந்தது. "இந்த லைன்மேலயே ரூம் போடலாம். பாதி ரூம் வெயில், பாதி ரூம் நிழல். ஏசியே வேணாம்" என்றார். கீழ்க்காட்டை மொத்தமாகக் கொடுத்தால் வைகாசி முகூர்த்தத்தில் பத்திரம் என்றார். தவசி யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றால் சம்மதம் என்று மாரிக்கண்ணுக்குத் தெரியும்.

"வித்துட்டு?" என்றாள்.

"திருப்பூர் போவோம். உங்க மாமன் மகன் இருக்கான்ல, பனியன் கம்பெனியில."

"நீ கயிறு புடிச்சு நட்டுப்பிட்டு, நான் அங்க போய் பிசிறு வெட்டணுமா? இந்த மண்ணு காஞ்சா அதுக்கு நானா வாய விட்டேன்?"

"நீ சிரிச்ச."

"சிரிக்கிற மாதிரி நின்ன. சிரிச்சேன்."

மறுநாள் அவள் கந்தவேல் வீட்டுக்குப் போனாள். அவர் மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டார். பிரிவினைக்குப் பிறகு அவருக்குத் தும்மலே வரவில்லை, ஜலதோஷம் பிடித்தால்கூட. அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று அவருக்கும் ஒரு குறை.

"ஒடிச்ச கம்பை ஒட்ட முடியாது, தாயி. நீங்கல் சேக்கலாம். ரெண்டு பேரும் எல்லைக்கு வரணும். வேணாம்னு சொன்ன வாய்தான் வேணும்னு சொல்லணும்."

தடம் நீங்கல் என்பதால் மாரிக்கண்ணு அப்படியே மேல்காட்டுக்கு ஏறினாள். உள்ளே கால் வைத்ததும் உடம்பில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிய மாதிரி இருந்தது. பொன்னழகு தன் பாதிக் கம்பைப் பலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி வைத்திருந்தாள். கல்யாண முருங்கைக்கு ஊன்றினால் போதும். அது துளிர்த்து, அதன் மேல் மிளகுக்கொடி ஒரு முழம் ஏறியிருந்தது.

"உன் புருஷன் கம்பு என்னாச்சு?" என்றாள் பொன்னழகு.

"வெந்நீர் அடுப்புல வச்சுட்டேன், மதினி."

"சரிதான்." கொஞ்ச நேரம் மிளகுக்கொடியைக் கட்டினாள். "காட்டேஜ்காரன் வந்தானாமே."

"வைகாசியில பத்திரமாம்."

பொன்னழகின் கை நின்றது. "காலையில அவன் சீட்டி அடிக்கிறானா இப்பவும்?"

"அடிக்குது. முன்ன மாதிரி இல்ல. காத்து மட்டும் வருது."

"நாளைக்கு வரச் சொல்லு. ஆனா மாரிக்கண்ணு, கசகசன்னு சொன்னான் பாத்தியா, அந்தக் கசகசவை ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக் கேக்கணும். மொத்தமாக் கேட்டா நான் வர மாட்டேன்."

மறுநாள் பொழுது உச்சி சாய்ந்ததும் ஊரே வந்துவிட்டது. மிளகுப் பாய்களை ஓரமாக ஒதுக்கி உட்கார்ந்தார்கள். கந்தவேல் எல்லையில் காலை அகட்டி நின்று, "முதல்ல குரல். இல்லாட்டி நான் நடுவுல நின்னு ரெண்டு பக்கத்துக்கும் ஒப்பிச்சே ஓஞ்சுபோவேன்" என்றார்.

"குரல் நீங்கலா" என்றான் தவசி.

மேலே பொன்னழகு அந்நேரம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "...ன்னு அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டானா எருமை" என்ற வால் மட்டும் கீழே வந்து விழுந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட அக்காவின் குரல். தவசிக்கு எருமை என்றதுகூட இனித்தது. வேலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஒரே மூச்சில், "தெரிஞ்சது தெரியாதது எல்லாம் நீங்கலா" என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை. கந்தவேல் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வரலப்பா. தெரிஞ்சதைச் சொல்லித் தீக்காம தெரியாததுக்குத் தாவ முடியாது."

"சரி. மேல்காட்டு நிழல் நீங்கலா."

"மேல்காடுன்னு ஒரு மரம் இருக்காடா?" என்றாள் அக்கா.

தவசி நிமிர்ந்து பார்த்தான். அதுவரை ஒரே பச்சையாகத் தெரிந்ததை இப்போதுதான் மரம் மரமாகப் பார்த்தான். "பலா நிழல் நீங்கலா" என்றான். கொடியில் காய்ந்த சேலை அவிழ்ந்து விழுவதுபோலப் பலாவின் நிழல் கோட்டைத் தாண்டிச் சரிந்து, காப்பியின் மேல் படர்ந்தது. ஆரஞ்சு நிழல் நீங்கலா என்றான், அது சில்லறை சில்லறையாக வந்தது. அத்தி நிழல் கனமாக வந்தது, நெல்லி நிழல் சல்லடையில் சலித்த மாதிரி வந்தது. பலா இலை நீங்கலா என்றதும் அதுவரை திரும்பிப் போன இலையெல்லாம் ஒரே வீச்சில் பறந்து வந்து கீழ்க்காட்டு மண்ணை மூடியது. தேனீ நீங்கலா, குக்குறுவான் நீங்கலா, மரங்கொத்தி நீங்கலா, வௌவால் நீங்கலா, மண்புழு நீங்கலா. பொழுது அடையப் போகும்போது அவனுக்குத் தெரிந்த பேர் தீர்ந்துபோயிற்று. சொந்தத் தோட்டத்துக்கு வந்து போன விருந்தாளிகளின் பேர் இவ்வளவுதான் தனக்குத் தெரியும் என்பதில் அவன் முகம் சிறுத்தது.

அப்போது மாரிக்கண்ணு எழுந்தாள். "காப்பி இலைக்கு அடியில வலை கட்டுமே, செவப்பா ஒரு எட்டுக்கால் பூச்சி, அதைச் சொல்லு." சொன்னான், வந்தது. ராவுத்தருக்கு வாசனைகள் தெரிந்திருந்தன: பழுத்த பலா வாசம், பூத்த சந்தனவேம்பு வாசம், மிளகுக் கதிர் நசுங்குகிற வாசம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, கீழ்க்காடு அடுப்படி மாதிரி மணத்தது. தேனெடுக்கிறவர்கள் கொசு அளவே இருக்கிற சின்னத் தேனீயைச் சொன்னார்கள். ஆடு மேய்க்கிறவள் சாணி உருட்டும் வண்டைச் சொன்னாள். குளவி, தவளை, மலை அணில், பாறையில் படரும் பாசி, பாசியில் தங்கும் ஈரம், ஈரத்தில் முளைக்கும் காளான் என்று சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரியிடம் பத்து வருஷமாகப் பேசாத ஒருத்தி, "அக்கா, அந்த நீலக் குருவியை விட்டுட்டியே" என்று எடுத்துக் கொடுத்தாள். "எங்க மாமியார் நீங்கலா" என்றான் ஒருவன். மாமியார் அங்கேயே உட்கார்ந்திருந்ததால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. ஊர் வேலையை விட்டுவிட்டு நாள் கணக்கில் எல்லையில் குந்தியது. தங்களுக்கு இவ்வளவு தெரியும் என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேலேயிருந்து பொன்னழகும் தன் பங்குக்குக் கேட்டாள். ஓடை ஆவி நீங்கலா. ஓடைத் தவளைச் சத்தம் நீங்கலா. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "சீட்டி நீங்கலா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, எல்லாரும் எழுகிற நேரத்தில், "உருண்டு வர்ற பழம் நீங்கலா" என்றாள்.

எல்லாம் சொல்லியாயிற்று. நிழல் வந்தது, இலை வந்தது, பறவை வந்தது. ஆனாலும் காப்பிச் செடிகள் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி, சாப்பிட்டும் தேறாமல் வெளிறி நின்றன. எல்லையில் அந்தக் கோடு மெலிதாக, பென்சிலில் போட்ட மாதிரி, இன்னும் இருந்தது. காட்டேஜ்காரர் முகூர்த்த நாளைச் சொல்லி அனுப்பிவிட்டார். எதை விட்டோம் என்று ஊர் மண்டையை உடைத்துக்கொண்டது.

தவசி விடிகிற நேரத்தில் தனியாக எல்லைக்குப் போய்க் குத்தவைத்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிடி மண் அள்ளினான். விரலிடுக்கில் பொடியாக உதிர்ந்தது. தடத்தில் ஏறி அந்தப் பக்கம் போய் ஒரு பிடி அள்ளினான். அது உதிரவில்லை. குழந்தையின் உள்ளங்கை மாதிரி மெத்தென்று, வெதுவெதுப்பாக, ஒன்றோடொன்று வெள்ளை நூலால் தைத்த மாதிரி சேர்ந்து இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தான். அந்த வாசனைக்கு அவனிடம் பேர் இல்லை. ஊரில் யாரிடமும் இருக்காது என்றும் தெரிந்தது. இத்தனை காலமாக யார் யாரோ இங்கே கூலி கேட்காமல், முகம் காட்டாமல் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள், நான் அதைக் கைராசி என்று சொல்லித் திரிந்திருக்கிறேன் என்று நினைத்ததும் அவனுக்கு மலைப்பாக இருந்தது. ஒரு பெரிய கோயிலுக்குள் செருப்போடு நடந்துவிட்டது திடீரென்று நினைவுக்கு வந்த மாதிரி.

போய்க் கந்தவேலை எழுப்பிக் கூட்டி வந்தான். அவர் சால்வையோடு வந்து எல்லையில் கால் அகட்டினார். பொன்னழகும் மேலே எழுந்து வந்து நின்றாள்.

"பெரியப்பா, எனக்குத் தெரியல."

"எது?"

"என்னன்னே தெரியல. அந்த மண்ணுல என்னமோ இருக்கு. யாரு செய்றா, எப்படிச் செய்றா, பேரென்ன, ஒண்ணும் தெரியல. எனக்குத் தெரியாதது நீங்கலா. நான் மறந்தது நீங்கலா."

கந்தவேலின் முகம் சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. பிறகு அவர் தும்மினார். தை மாதத்திலிருந்து அடைத்துக்கிடந்த தும்மல். பலாவிலிருந்த குக்குறுவான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின.

வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. சேதி கேட்டு ஓடி வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். வந்ததற்கு ஒரு டீ குடிக்கலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், எந்த முனை வெயில், எந்த முனை நிழல் என்று ராவுத்தருக்கே சொல்லத் தெரியவில்லை. கோட்டைத் தேடினார்கள், இல்லை. எல்லைக்கல்லை வேண்டுமானால் இலைச் சருகைக் கிளறித் தேடிக்கொள்ளலாம்.

வைகாசியில் காட்டேஜ்காரர் காரோடு வந்து, அந்த லைன் எங்கே என்று கேட்டார். "போன வாரம்தான் எடுத்துட்டாங்க, சார்" என்றார் ராவுத்தர். அவர் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்து பார்த்தார். தவசி யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லாமல், கொடுக்கவில்லை என்று சொன்னான். கார் அடுத்த மலைக்குப் போய்விட்டது.

அந்த வருஷம் கீழ்க்காட்டில் காப்பி கால்வாசிதான். நிழல் திரும்பி வந்தாலும் போன பூ திரும்பாது. ஆனால் அந்த வைகாசியில் பலாப்பழங்கள் உருண்டன. சரிவில் தடதடவென்று உருண்டு, காப்பி வரிசைகளுக்கு நடுவில் புகுந்து, தவசியின் வாசலில் வந்து நின்றன. உருண்டு வர்ற பழம் நீங்கல் அல்லவா. மாரிக்கண்ணு அவற்றை எடுத்துத் துடைத்து ராவுத்தர் கடைக்கு அனுப்பினாள், அடுப்பு அணையாமல் எரிந்தது. அத்திப்பழம் உருண்டது. ஆடி பிறந்ததும் பட்டர் புரூட் உருண்டது. இந்த வருஷம் என்ன இப்படி உருளுது என்று ஊர் வியந்தது. சேனைக்கிழங்கும் உருண்டு வந்தபோது மாரிக்கண்ணு மெல்லத் தடத்தில் ஏறிப் போய்ப் பார்த்தாள். பொன்னழகு இடுப்பில் கை வைத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ஒரு பழத்தைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். மாரிக்கண்ணு வந்த வழியே இறங்கி வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடிச் சாரல் ஓய்ந்த ஒரு காலை தவசி எல்லையில் நின்று சீட்டி அடித்தான். மேலேயிருந்து பதில் வந்தது.

"கேக்குதுடா, ஊரைக் கூட்டாத."

பொன்னழகு இறங்கி வந்தாள். கையில் பச்சையாக ஒரு கல்யாண முருங்கைக் கம்பு. அவளுடைய பாதியிலிருந்து கிளைத்து வந்த கொப்பு. அதைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இன்னொரு பிரிவினையா அக்கா?"

"ஊன்று. பலாக்கன்னு நாலு முளைக்கப் போட்டு வச்சிருக்கேன், அதையும் வந்து எடுத்துக்க."

"எனக்குத்தான் உன் நிழல் வருதே."

பொன்னழகு கிழக்கே பார்த்தாள். கீழ்க்காட்டின் மொட்டை விளிம்புக்கு மேலே சூரியன் அப்போதுதான் எழும்பி, தடுக்க ஒரு கொப்பும் இல்லாமல் அவள் முகத்தில் நேராக அடித்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் என் நிழல் உனக்கு எறங்கி வருது. காலையில உங்கிட்டருந்து எனக்கு ஒண்ணும் ஏறி வரலையே, தம்பி."

தவசி அவள் கையின் நிழல் அவள் கண்மேல் விழுவதைப் பார்த்தான். பிறகு கம்பை வாங்கி, எல்லைக்குக் கீழே, தன் பக்கம், கயிறு பிடிக்காமல், கண்ட இடத்தில் ஊன்றினான்.